ரோபோ ஆபரேஷன்: மெஷினை ஓட்டும் டாக்டருக்கு 'லைசென்ஸ்' கொடுப்பது யார்?

வில்லியனூரிலோ பாகூரிலோ ஒருவருக்கு புராஸ்டேட், சிறுநீரகம், குடல் என்று பெரிய ஆபரேஷன் வந்தால், வீட்டில் முதலில் அடிபடும் பெயர் ஜிப்மர். அங்கே இப்போது ரோபோ மூலமும் ஆபரேஷன் நடக்கிறது. "மெஷின் கையில எப்படிங்க உயிரைக் கொடுக்கிறது?" என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையில் ரோபோ தானாக எதையும் வெட்டாது. டாக்டர் சில அடி தள்ளி கன்சோலில் உட்கார்ந்து, 3டி படத்தைப் பார்த்தபடி கை கால்களை அசைப்பார். உடம்புக்குள் கருவி அதேபோல அசையும். அப்போ பயப்பட ஒண்ணுமில்லையா? இருக்கு. பெரும்பாலான மெஷின்களில் தொடு உணர்வு டாக்டரின் கைக்கு வராது. தையல் நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்பதைக் கண்ணால்தான் கணிக்கணும். 20 வருஷம் கத்தி பிடித்தவரும் இந்த நாற்காலியில் புது ஆள்தான்.

பயிற்சி குறைந்தால் என்ன ஆகும்?

2015ல் இங்கிலாந்தின் நியூகாசில் ஃப்ரீமேன் மருத்துவமனையில், ரோபோ மூலம் இதய வால்வைச் சரிசெய்யும் ஆபரேஷன் நடந்தது. அந்த நோயாளி சில நாட்களில் இறந்துவிட்டார். 2018ல் நடந்த மரண விசாரணையில், டாக்டருக்குப் போதுமான பயிற்சி இல்லை என்பதும், வழிகாட்ட வந்த நிபுணர்கள் ஆபரேஷன் முடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள் என்பதும் தெரியவந்தது. வழக்கமான முறையில் செய்திருந்தால் அவர் பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார் விசாரணை அதிகாரி.

பாடத்திட்டம் எப்படி இருக்கணும்?

இந்தக் கதையில் புதுச்சேரிக்கும் பங்கு உண்டு. ரோபோ புராஸ்டேட் ஆபரேஷனின் முன்னோடியான டாக்டர் மணி மேனன் ஜிப்மரில் படித்தவர். அமெரிக்காவின் டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இதைத் தொடங்கிய அவரது குழு, இதைத் திட்டமிட்ட முறையில் தொடங்கியது பற்றி 2002லேயே கட்டுரை வெளியிட்டது.

இன்று நல்ல பாடத்திட்டங்களில் டாக்டர் உடனே கன்சோலில் உட்கார மாட்டார். முதலில் நோயாளியின் பக்கத்தில் நிற்கும் உதவியாளர் வேலை. கருவி மாற்றுவது, அவசரம் என்றால் ரோபோவைக் கழற்றி ஒதுக்குவது எல்லாம் அங்கேதான் பழகும். அடுத்து சிமுலேட்டர். பார்க்க வீடியோ கேம் மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் மார்க் உண்டு. பிறகு விலங்குத் திசு அல்லது சடலத்தில் பயிற்சி. அதற்கப்புறம் இரட்டை கன்சோல்: டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அதேதான். ஒரே நாளில் முழு ஆபரேஷனும் கைக்கு வராது. சுலபமான கட்டம் முதலில், நரம்பைக் காப்பாற்றும் நுணுக்கமான கட்டம் கடைசியில்.

இதில் முக்கியமான விஷயம், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பது கணக்கே இல்லை. நிர்ணயித்த தரத்தைத் தொட்டால்தான் அடுத்த படி. சிலருக்கு 10 மணி நேரம் போதும், சிலருக்கு 40 ஆகலாம்.

இந்தியாவில் நிலைமை?

மெஷின்கள் வேகமாக வருகின்றன. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ வசதி திறக்கப்பட்டது. உள்நாட்டுத் தயாரிப்பான எஸ்எஸ்ஐ மந்த்ராவும் களத்தில் இருக்கிறது. ஆனால் எந்த டாக்டர் ரோபோவைத் தொடலாம் என்பதை பெரும்பாலும் அந்தந்த மருத்துவமனைதான் முடிவு செய்கிறது. கம்பெனி தரும் பயிற்சி மெஷினை இயக்கக் கற்றுத்தரும். ஆபரேஷனைக் கற்றுத்தர அனுபவமுள்ள டாக்டர்தான் வேண்டும். கோடிக்கணக்கில் மெஷின் வாங்கும்போது சிமுலேட்டருக்கும், சொல்லிக்கொடுப்பவரின் நேரத்துக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கணும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ரோபோ ஆபரேஷன் என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், இதே ஆபரேஷனை ரோபோவில் நீங்க எத்தனை செஞ்சிருக்கீங்க? நடுவில் சிக்கல் வந்தால் திறந்து செய்ய டீம் ரெடியா இருக்குமா? இதையே சாதாரண முறையில் செஞ்சா என்ன வித்தியாசம்?"