அகவெப்பமும் புறவெப்பமும்

தமிழிலக்கியத்தை அகம், புறம் என இருகூறாக வகுத்துக் கற்பிப்பது எம் தொழில். அடுத்துள்ள இரசாயன வகுப்பிலும் இவ்விரு சொற்கள் வழங்குகின்றன. தாக்கமொன்று வெப்பத்தைச் சூழலுக்கு விடுமாயின் அது புறவெப்பத் தாக்கம்; சூழலிலிருந்து வெப்பத்தை உட்கொள்ளுமாயின் அகவெப்பத் தாக்கம். நம் பழஞ்சொற்கள் புதுத்துறையொன்றில் இத்துணைப் பொருத்தமாய் அமர்ந்தமை மகிழ்தற்குரியது. ஆயின், மாணாக்கருட் பலர் முன்னதற்கு மறைக்குறி, பின்னதற்கு நேர்க்குறி என மனனஞ் செய்து விடைத்தாளில் எழுதுவதோடு அமைகின்றனர். சொல் தமிழாயிற்று, பொருளோ இன்னும் நம் மண்ணிற் கால் ஊன்றவில்லை. இக்குறை நீங்கவேண்டும் என்பதே எமது கருத்து.

இரசாயனத்தைத் தமிழிற் கற்றல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். அவர் முன்னின்று நடத்திய மொழிபெயர்ப்புப் பணியின் தொடர்ச்சியாகக் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875இல் வெளிவந்தது. சொற்களைத் தேடித் தந்த அப்பெரியோர் வழிநின்று, அச்சொற்களுக்குரிய காட்சிகளை நம் ஊரிலேயே தேடித் தருதல் இன்றைய ஆசிரியர் கடனாகும்.

காட்சிகளுக்கோ பஞ்சமில்லை. நம் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. அக்கல்லைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்திற் சுட்டால், 100 கிராம் தூய கல்லிலிருந்து 56 கிராம் நீறாச் சுண்ணாம்பு எஞ்சும். 44 கிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும். இம்மாற்றத்துக்கு அக்கல் உட்கொள்ளும் வெப்பம் ஏறத்தாழ 178 கிலோயூல். இஃது அகவெப்பம். பின்னர் அச்சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் அது சீறிக் கொதித்து ஆவி எழுப்பும்; அப்பொழுது 65 கிலோயூல் வெளிவரும். சாந்தாகிச் சுவரேறிய பின், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறுகச் சிறுக ஏற்று மீண்டும் கல்லாய் இறுகும். அப்பொழுது எஞ்சிய 113 கிலோயூலும் வெளிவரும். சூளையிற் பெற்ற கடனைச் சுண்ணாம்பு இரு தவணையில், சதமும் குறையாது தீர்த்துவிடுகிறது! எவ்வழி சென்றாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாயின் வெப்பக் கணக்கும் ஒன்றே என்னும் விதியை விளக்க, நம் பாட்டனார் கட்டிய சுண்ணாம்புச் சுவரினும் சிறந்த சான்று வேறு வேண்டுமோ?

இனி எரிபொருளை நோக்குவோம். 1990இல் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. ஜாம் போத்தலினுட் பஞ்சையிட்டு, அதைச் சிறிதளவு எண்ணெயில் தோய்த்து, மெல்லிய திரி கொளுத்தி, அவ்வொளியிற் கற்ற தலைமுறை எம்முடையது. எண்ணெயினுள்ளே வெப்பம் மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டுள்ளது என மாணாக்கர் எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. எண்ணெயிலும் ஒட்சிசனிலும் உள்ள பிணைப்புகளை உடைத்தற்கு முதலிற் சக்தி செலவாகிறது. நீரும் காபனீரொட்சைட்டும் ஆகுங்கால் உண்டாகும் புதுப் பிணைப்புகள் அச்செலவினும் மிகுதியாகச் சக்தியைத் தருகின்றன. வரவிற் செலவு போக எஞ்சிய இலாபமே நாம் கண்ட சுடர். தீக்குச்சி தருவது ஏவற்சக்தி. அது வணிகத்துக்கு இடும் முதல் போன்றது.

அக்காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதும் இத்தகைய பாடமே. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் தரும் வெப்பம் பெற்றோலினதிற் குறைந்ததன்று. எனினும் அஃது எளிதில் ஆவியாகாமையாற் குளிர்ந்த இயந்திரம் அதை ஏற்கவில்லை. சில துளி பெற்றோல் விட்டு முடுக்கிச் சூடேற்றிய பின்னரே அது மண்ணெண்ணெயில் ஓடிற்று. ஒரு பொருள் எத்துணை வெப்பம் தரும் என்பது ஒன்று. அது எத்துணை எளிதில் எரியத் தொடங்கும் என்பது பிறிதொன்று. இவ்வேறுபாட்டை நம்மவர் தேவை கற்பிக்கக் கற்றனர். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது அடுப்படிக்கு விறகு மீண்டது. மாரிக்கு முன் பனம்மட்டையைக் காயவைத்த மூதாட்டியரின் அறிவும் அப்போது விளங்கிற்று. கொதிக்கும் நீர் ஒரு கிலோகிராமை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 2,260 கிலோயூல் வேண்டும். ஈரவிறகு தன் வெப்பத்தின் ஒரு பகுதியை அதற்கே இழந்துவிடுகிறது.

பரீட்சைக்கு இவையெல்லாம் வேண்டுமோ என வினவுவாருளர். வேண்டும் என்போம். பொருள் தெரிந்து கற்றவன் குறியை மறவான். அன்றியும், எரிபொருள் கிடையாத காலம் மீண்டும் வாராது என எவரும் உறுதி கூறவியலாது. அந்நாளில் விடைத்தாட் புள்ளி உதவாது. கணக்கறிந்த மதியே உதவும்.

ஆதலின் பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. விழாக்காலத்திற் கட்டடமும் கருவியும் வழங்கும் அன்பர்கள், இரசாயனக் கூடத்துக்கு ஒரு போத்தல் விளக்கும் கொண்டுவந்து தருக. தாம் கற்ற வகையையும் உடன் கூறுக. அவ்விளக்கை எரிக்குமுன்னும் பின்னும் நிறுத்து, அதனாற் சூடாக்கிய நீரின் வெப்பநிலை உயர்வை மாணாக்கர் அளக்கட்டும். ஒரு கிராம் நீரை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4.2 யூல் என்பதைக் கொண்டு கணக்கிடட்டும். எரிந்த எண்ணெய் தரவேண்டிய வெப்பத்தில் எத்துணை நீரைச் சேர்ந்தது, எத்துணை காற்றோடு போயிற்று என்பதை அவர்களே காண்பர். அதன்பின் புறவெப்பம் என்னும் சொல்லுக்கு நாம் உரை கூறவேண்டியதில்லை.