பிரித்துப் பின்னலாம்

கைவேலை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் எதில் தொடங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றைத்தான்: பிரிக்க முடிகிற வேலையில் தொடங்குங்கள். ஒயர் கூடை, குரோஷா, ஸ்வெட்டர் பின்னல், சுடாத களிமண். தப்பாகப் போனால் அவிழ்த்துவிட்டு, அதே பொருளை வைத்து முதலிலிருந்து வரலாம். நேரம் மட்டும்தான் போகும். அந்த நேரமும் வீணல்ல என்பது என் கட்சி.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புதிதாக ஆசைப்படுகிறவர்கள் பலர் இப்போது நேராக ரெசின் வேலையில் போய் இறங்குகிறார்கள். செல்போன் காணொளியில் பார்த்தால் அது அவ்வளவு சுலபம். இரண்டு பாட்டில், ஒரு கலக்கு, அச்சில் ஊற்று, காய்ந்த பூ நாலு போடு, மறுநாள் கண்ணாடி மாதிரி ஒரு தட்டு. உண்மையில் அந்த இரண்டு பாட்டிலில் ஒன்று ரெசின், மற்றது அதை இறுக வைக்கும் ஹார்டனர். தயாரித்தவர் சொன்ன விகிதம் கொஞ்சம் பிசகினாலும் தட்டு பிசுபிசுவென்றே நின்றுவிடும். பிறகு அதைச் சரி செய்வது பெரும்பாடு. இரண்டும் சேரும்போது சூடு கிளம்பும். ஒரே பாத்திரத்தில் நிறையக் கலந்து வைத்துவிட்டால் புகையும், வெடிப்பு விடும். மழைக்கால ஈரத்தில் மேற்பரப்பு மங்கிப்போகும். கையுறை போடாமல் தொட்டுத் தொட்டு, தோல் அரிப்பு வந்து அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், மகளின் பிறந்தநாளுக்கு என்று ஆசை ஆசையாக ஊற்றிய பெயர்ப் பலகை இறுகவே இல்லை. மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, "எனக்குக் கைவேலை வராது" என்று முடிவு கட்டிவிட்டார். கைவேலை வராதவர் அல்ல அவர். மன்னிக்கத் தெரியாத ஒரு பொருளோடு முதல் பழக்கம் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

தஞ்சாவூர் ஓவியமும் அப்படித்தான். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை. ஆனால் புடைப்புக்குப் பூசும் மக்கு என்ற பசை கொஞ்சம் தடிமனாகிவிட்டாலோ, அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தாலோ வெடிப்பு விடும். ஒட்டிய தங்க ரேக்கை எடுத்து மறுபடி ஒட்ட முடியாது. கை பழகிய பிறகு போய்ச் சேர வேண்டிய இடம் அது.

ஒயர் கூடை அப்படி இல்லை. அதனால்தான் அதன்மேல் எனக்கு இவ்வளவு பற்று. எங்கள் குடியிருப்பில் ஞாயிறு மதியங்களில் மாடிப்படி நிழலில் சிலர் கூடை பின்ன உட்காருகிறோம். சொல்லித் தருகிறவர் அடுத்த வீட்டு அத்தை. எண்பதுகளில் கூடை போட்டே பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்தவர். அவர் வாயிலிருந்து அடிக்கடி வரும் வார்த்தை, "பிரிச்சுடு, ஒயருக்கு ஒண்ணும் ஆகாது" என்பது.

அதன் வேலை முறை எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். கட்டிலிருந்து ஒரே அளவாக ஒயர்களை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து, நீளமாக ஓடும் ரன்னிங் ஒயரோடு கோத்து முடிச்சுப் போட வேண்டும். அடிப்பாகம் முதலில் தட்டையாக விரியும். வேண்டிய அகலம் வந்ததும் மூலை திருப்பி, ரன்னிங் ஒயரைச் சுற்றுச்சுற்றாக ஓட்டி உயரம் ஏற்ற வேண்டும். மேலே வந்து சேர்ந்ததும் மிஞ்சிய நுனிகளை உட்பக்கமாக மடக்கி முடிச்சுகளுக்குள் செருகி மறைக்க வேண்டும். கைப்பிடி தனி வேலை. பசை கிடையாது, ஊசி கிடையாது, தையல் கிடையாது. ஒயரை ஒயரே பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியில் ஒரு வாரத்துக் காய்கறி போகிறது, வருகிறது. சாதா முடிச்சு கைவந்த பிறகு பிஸ்கட் கூடை, நெல்லிக்காய்க் கூடை, சிவன் கண் கூடை என்று மேலே போகலாம். அவற்றில் ஒயர் எண்ணிக்கை தப்பினால் சுற்றின் கடைசியில் டிசைன் வந்து சேராது. பாதி நெல்லிக்காயோடு நிற்கும்.

இதில் நேரும் விபத்துகளுக்குத் தனித்தனிக் காரணம் உண்டு. ஒரு முடிச்சு மட்டும் திரும்பிப் போயிருந்தால், போடும்போது தெரியாது. நாலு வரிசை ஏறிய பிறகு தள்ளி வைத்துப் பார்த்தால் அது ஒன்றே கண்ணில் குத்தும். கீழே தளர்வாகப் போட்டு, கை பழகப் பழக மேலே இறுக்கிக்கொண்டே போனால் கூடை வாய் குறுகிவிடும். ஒரே கூடையை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் சாயும். இருவர் இழுப்பும் ஒன்றாக இருக்காது அல்லவா? கூடையைப் பார்த்தே அத்தை இது யார் கை என்று சொல்லிவிடுவார்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் கற்றுக்கொண்டது முழக் கணக்கில். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், சின்ன உருவம், அத்தை சொன்ன அளவுப்படி ஒயர் வெட்டிக்கொண்டு வந்து மளமளவென்று போட்டாள். உயரம் முக்கால்வாசி ஏறியபோது ஒயர் தீர்ந்துவிட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாரு கையால முழம் போட்ட?"

"என் கையாலதான் அத்தை. அஞ்சு முழம்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது என் கைக்கு அஞ்சு. உன் கைக்கு ஆறு வேணும் கண்ணு. பிரிச்சிரு. இதே ஒயர்ல பூக்கூடை போட்டுரலாம்."

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறும். எழுதி வைத்த குறிப்பைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு இது பிடிபடாமலே போகும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கையைப் பார்த்தால் ஒரே நாளில் விளங்கிவிடும். அவள் அன்று பிரிக்க உட்கார்ந்தாள், நாங்கள் ஆளுக்கொரு பக்கம் உதவினோம். பிரிக்கும்போதுதான் முடிச்சு எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. போடும்போது விரல் தன்போக்கில் ஓடிவிடுகிறது. பிரிக்கும்போது கண் கூடவே போக வேண்டியிருக்கிறது. பூக்கூடை அழகாக வந்தது. அவள் பாட்டி அதில்தான் இப்போது கோயிலுக்குப் பூ கொண்டுபோகிறார்.

ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. கடையில் பை கேட்கக் கூடாது என்ற நிலை வந்தபோது, பல வீடுகளில் பரணிலிருந்து இறங்கியது அம்மாவின் பழைய ஒயர் கூடைதான். பல வருடம் உழைக்கும் ஒரு பொருளையும், பத்து நிமிடம் பயன்பட்டுக் குப்பைக்குப் போகும் பையையும் ஒரே தட்டில் வைக்க நான் ஒப்பமாட்டேன்.

குரோஷாவிலும் பிரிப்பதற்குத் தடை இல்லை. நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், சரசரவென்று முழுவதும் கழன்று பந்துக்குத் திரும்பிவிடும். தொடங்குகிறவர்கள் எல்லாரும் வட்டம் போடும்போதுதான் தடுமாறுகிறார்கள். சாதாரண ஒற்றைக் கண்ணியில் முதல் சுற்றுக்கு 6 என்றால், அடுத்தது 12, அதற்கடுத்து 18, பிறகு 24 என்று சுற்றுக்கு ஆறாறு கூட்டிக்கொண்டே போனால் வட்டம் மேசையில் படிந்து கிடக்கும். கூட்ட மறந்தால் கிண்ணமாகக் குழிந்துவிடும். அளவுக்கு மேல் கூட்டினால் ஓரமெல்லாம் சுருங்கிச் சுருங்கி அலையடிக்கும். டீப்பாய் விரிப்பு போட உட்கார்ந்தவருக்குத் தொப்பி வருவதும், தொப்பிக்கு உட்கார்ந்தவருக்குப் பாவாடைக் கொசுவம் வருவதும் இதனால்தான்.

அந்த அலையடிக்கும் ஓரத்துக்குக் கணிதத்தில் ஒரு பெரிய இடம் உண்டு என்று படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஹைபர்போலிக் தளம் என்று ஒரு வடிவம். அதில் எங்கு நின்று பார்த்தாலும் பரப்பு அளவுக்கு மீறி விரிந்துகொண்டே போகும். பாடம் நடத்த அதைக் காகிதத்தில் ஒட்டிச் செய்து பார்த்தார்கள். கை பட்டுப் பட்டுக் கிழிந்துபோயிற்று. லாட்வியாவில் பிறந்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டைனா டைமினா, 1997இல் குரோஷா ஊசியை எடுத்தார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனார். மாணவர்கள் மடித்து, இழுத்து, தடவிப் பார்க்கக்கூடிய தளம் கிடைத்தது. அதன் வழியே 2005இல், லாஸ் ஏஞ்சலிஸில் மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் குரோஷாவிலேயே ஒரு பவளப்பாறைத் தோட்டத்தைத் தொடங்கினார்கள். பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் அதற்குப் பின்னிக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கு சுத்தமாக இருந்தபோது கிடைத்த உருவங்களைவிட, கணக்கிலிருந்து கொஞ்சம் விலகிப் பின்னியவைதான் கடலுக்கடியில் வளரும் உயிரைப் போலத் தெரிந்தன என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். டீப்பாய் விரிப்பு கொசுவமாகிப் போனவர்கள் அதைப் பிரிக்கும் முன் ஒருமுறை கையில் விரித்துப் பார்க்கட்டும். அவர்கள் பின்னியிருப்பது டைமினா வேண்டுமென்றே பின்னிய அதே வகை வளைவு.

களிமண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. விநாயகர் சதுர்த்திக்கு வீட்டிலேயே பிள்ளையார் பிடிக்கும் வழக்கம் பிள்ளைகளிடம் கூடி வருவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எல்லாருக்கும் ஒரே குறை: காலையில் பிடித்து வைத்த பிள்ளையாருக்குச் சாயங்காலம் தும்பிக்கை விழுந்துவிடுகிறது. காரணம் எளிது. ஈரம் போகப்போக மண் சுருங்கும். மெல்லிய தும்பிக்கை சீக்கிரம் காய்ந்து சுருங்கும்போது, தடித்த வயிறு இன்னும் ஈரமாகவே இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் இழுபறி, அங்கேதான் வெடிப்பு. ஒட்டும் இரண்டு முகங்களிலும் குச்சியால் கீறிவிட்டு, அதே மண்ணைச் சேறாகக் குழைத்துப் பூசி ஒட்ட வேண்டும். மேலே ஈரத்துணி போர்த்தி நிழலில் மெல்லக் காயவிட வேண்டும். அப்படியும் விழுந்தால் தண்ணீரில் போட்டுக் கரைத்து மறுபடி பிசையலாம், மண் கோபித்துக்கொள்வதில்லை.

சுட்ட பிறகு அந்தச் சலுகை இல்லை. டெரகோட்டா நகை செய்கிறவர்கள் இதை அறிவார்கள். உள்ளே ஈரம் மிச்சமிருக்கும் மணியை அவசரப்பட்டுத் தீயில் வைத்தால், அந்த நீர் ஆவியாகி வெளியேற வழி தேடும்; பட்டென்று தெறிக்கும். வரட்டியில் சுடுகிறவர்கள் முதலில் இளஞ்சூட்டில் வெகுநேரம் வைத்திருப்பது அதற்காகத்தான். பனை ஓலைக்கு நேர்மாறான குணம். ஈரம் போனால் முறியும், பின்னும்போது நனைத்து நனைத்து வைத்துக்கொள்ள வேண்டும். பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள் கோரையை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் தறிக்குக் கொண்டுபோகிறார்கள். மண்ணுக்கு ஈரம் எப்போது போக வேண்டும், ஓலைக்கு எப்போது இருக்க வேண்டும் என்பதை உடைந்த மணியும் முறிந்த ஓலையும் சொல்லித் தருவதுபோல் எந்த வகுப்பும் சொல்லித் தராது.

பொழுதுபோக்காகச் செய்கிறவர்களை ஒரு கேள்வி விடாமல் துரத்தும். "எவ்வளவுக்குக் கொடுப்பீங்க?" அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் கற்கும் காலத்தில் விலை பேசத் தொடங்கிவிட்டால் பிரிக்க மனம் வராது. தப்பை மறைக்கத்தான் கை போகும். பிழைப்புக்காகச் செய்கிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பிரித்தால் அன்றைய கூலி போயிற்று. அத்தை அப்படித்தான் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். நமக்கு அந்த நெருக்கடி இல்லாதது பெரிய கொடுப்பினை. அதை நாமே கெடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி உழைத்தவர்களிடம் கூடை வாங்கும்போது பேரம் பேசவும் வேண்டாம்.

ஆகவே, கிட் என்று அட்டைப்பெட்டியில் விற்கும் எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். இரண்டு நிறத்தில் ஒயர் வாங்குங்கள், ஒரு கத்தரிக்கோல் போதும். உங்கள் தெருவில் கூடை போடத் தெரிந்த ஒரு பெரியம்மாவோ அக்காவோ கட்டாயம் இருப்பார். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அளவை உங்கள் கையால் போட்டு அவரிடம் காட்டிவிட்டு வெட்டுங்கள். முதல் கூடையை யாருக்கும் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். அதில் நீங்களே தேங்காயும் உருளைக்கிழங்கும் போட்டுக் கடையிலிருந்து வீடுவரை தூக்கி வாருங்கள். கைப்பிடி நுனி எந்த இடத்தில் நழுவுகிறது என்பது அப்போதுதான் தெரியும். அந்த இடத்தைப் பிரித்து, நுனியை இன்னும் இரண்டு முடிச்சு ஆழமாகச் செருகிவிடுங்கள்.