பறையும் ‘பரையா’வும்

ஆங்கிலத்திற் புகுந்த தமிழ்ச்சொற்களை எண்ணி மகிழ்வது நம் இயக்கத்தார்க்குப் பழகிப்போன ஒன்று. கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் என்று அடுக்கிக்கொண்டே போவோம். மேடையிற் சொன்னால் கையொலியும் எழும். அவ்வரிசையில் ஒரு சொல்லை மட்டும் சிலர் விழுங்கிவிடுகின்றனர். வேறு சிலர் அதன் பொருளை எண்ணாமலே ஏனையவற்றோடு சேர்த்து முழங்குகின்றனர். இரண்டும் தகா. ஆங்கிலவர் ‘பரையா’ என்று ஒலிக்கும் அச்சொல், நம் ‘பறையர்’ என்பதன் திரிபே.

எவராலும் சேர்த்துக்கொள்ளப்படாது, வெறுத்து ஒதுக்கப்பட்ட ஆள் என்பதே ஆங்கிலத்தில் அதற்கு இன்றுள்ள பொருள். ஆளுக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் அதனை ஆள்கின்றனர். உலகநாடுகள் உறவறுத்து நிறுத்திய அரசைப் ‘பரையா அரசு’ என்று ஆங்கிலச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. நிறவெறி ஆட்சி நடந்த காலத்துத் தென்னாப்பிரிக்காவுக்கு இவ்வடை வழங்கிற்று. முரணைப் பாருங்கள்! மாந்தரைப் பிறப்பால் ஒதுக்கிய குற்றத்திற்காக ஓர் அரசை இகழ வேண்டியிருந்தது. அதற்குப் பிறப்பால் ஒதுக்கப்பட்ட மக்களின் பெயரே வசைச்சொல்லாக எடுக்கப்பட்டது.

சொல்லின் வேரைப் பார்ப்போம். பறைதல் என்பது சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுவே நாள்வழக்கு. யாழ்ப்பாணத்தார் பேச்சிலும் அது வாழ்கிறது. செய்தியைப் பறைந்த கருவி பறை எனப்பட்டது. தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தார். தெய்வமும் உணவும் மரமும் நின்ற வரிசையில் அதுவும் நின்றது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என நிலந்தோறும் ஒரு பறை முழங்கிற்று. அதனை முழக்கியவன் பறையன். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், சிறந்தனவாக எண்ணும் நான்கு குடிகளுள் ஒன்றாகத் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு அவனை வைக்கிறார். அங்கே இழிவின் நிழலும் இல்லை. இப்பெயர்க்கு வேறு வேர் காட்டினாரும் உளர். எனினும் பறை என்னும் கருவியினின்று பிறந்தது என்பதே கால்டுவெலார் முதலாய மொழிநூலார் துணிபு. நமக்கும் அதுவே உடன்பாடு.

கடலோடி வந்த போர்த்துகீசியர் இப்பெயரை முதலிற் கேட்டனர். 1516ஐ ஒட்டி எழுதிய பார்போசாவின் நூலிலேயே இது காணப்படுகிறது. 1613இல் ஆங்கில நூலிலும் புகுந்தது. வல்லின றகரத்தை எழுத அவர்களுக்கு எழுத்தில்லை; ஈற்று ரகரமும் உதிர்ந்தது. ஒலி தேய்ந்ததாற் கேடில்லை. பொருள் திரிந்ததே கேடு. ஒரு குடியின் பெயரை ஒதுக்கப்பட்டோர் அனைவர்க்கும் பொதுப்பெயராக்கினர். தஞ்சையில் நடுவராயிருந்த பர்னெல், யூல் என்பாரோடு தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஆப்சன் சாப்சன்’ அகரமுதலியே இது பிழைவழக்கு என்று எடுத்துக்காட்டியது. யார் கேட்டார்? தெருநாய்க்கும் அப்பெயரை இட்டனர். பருந்தையும் விட்டாரில்லை: செம்பருந்து ‘பிராமணிப் பருந்து’, கரும்பருந்து ‘பரையாப் பருந்து’! வானத்துப் பறவைக்கும் சாதி வகுத்த திறம் இது.

பிரெஞ்சு நாட்டார் சிலர் இச்சொல்லை இரக்கத்தோடு ஆண்டனர். 1791இல் வந்த சேன்பியேரின் கதையில் மெய்யறிவு கூறுபவன் இக்குடியானே. 1821இல் தெலவீஞ் இப்பெயரிலேயே நாடகம் எழுதினார். செருமானியர் மாக்சு வேபர் யூதரைக் குறிக்கவும் இதனைக் கையாண்டார். இரங்கினாலும் இகழ்ந்தாலும் ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருள் மட்டும் மாறவில்லை.

ஐரோப்பியரை மட்டும் பழித்து நாம் தப்பவியலாது. அப்பொருளை அவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தாரல்லர். நம் ஊர்த்தெருவிலும் குளக்கரையிலும் கண்டதை எழுதினர். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்தவர் தமிழ் பேசியவரே. தமிழ்ச்சொல்லை மாசுபடுத்தியது வடமொழி ஒன்றே என்று எண்ணுவார் இதனையும் எண்ணுக.

இப்பெயரைச் சுமந்தவர்கள் வாளாவிருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் ‘பறையன்’ என்றே இதழ் தொடங்கித் தலைநிமிர்ந்தார். அயோத்திதாசரோ இது பகைவர் இட்ட பெயரென மறுத்தார். எம்.சி. இராசாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு தன் ஏடுகளில் இதனை நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என வழங்கியது. அதன் முற்பாதி வடசொல் என்று நம்மவருட் சிலர் குறை காண்பர். இழிவைத் துடைக்கப் போராடியவரிடம் சொல்லாராய்ச்சி பேசுவது முறையன்று.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பொதுவிடத்தில் ஒருவரைச் சாதிப்பெயரால் இழித்துரைப்பது குற்றம். தமிழில் வசையாகச் சொன்னால் சிறைக்குரிய அதே சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் ஆசிரியவுரையாகிவிடுகிறது. நம் நாட்டு ஆங்கில இதழ்களிலும் இதனைக் காண்கிறோம். எழுதுவோருள் தமிழரும் உளர். ஒதுக்கப்பட்டவனைக் குறிக்க ஆங்கிலத்துக்கு ‘அவுட்காஸ்ட்’ என்னும் சொந்தச் சொல் உண்டே!

ஆகவே இவ்விதழின் அன்பர்கள், தாம் படிக்கும் ஆங்கிலத் தாளில் இச்சொல்லைக் காணுந்தோறும் அதன் ஆசிரியர்க்கு ஓர் அஞ்சலட்டை விடுக்க. பறை என்பது இன்னது, பறையர் என்பார் இன்னார், இச்சொல் இவ்வாறு வந்தது என நான்கு வரி எழுதினாற் போதும். பள்ளிகளில் ‘ஆங்கிலத்தில் தமிழ்’ என்று பட்டியல் தொங்கவிடும் ஆசிரியர்களும் இச்சொல்லை மறைக்காமல், அதன் வேரையும் திரிபையும் சேர்த்தே எழுதுக.