பெயரற்ற முகங்கள்

ஒளிப்படக்கலை தீங்கற்ற பொழுதுபோக்கு என்பர். அது முழு உண்மையன்று. யூலியா மார்கரட் கமரன் இங்கிலாந்தில் எடுத்த படங்களில் டார்வினும் தெனிசனும் பெயரோடு விளங்குகின்றனர். 1875இல் இலங்கைக்கு வந்தபின் அவர் படமாக்கிய உழைப்பாளரோ ‘களுத்துறைக் குடியானவர்’ என்றவாறு பெயரிழந்தனர்.

அவ்வழக்கம் இன்றும் ஒழியவில்லை. பூநகரி வழியாக வங்காலைச் சரணாலயத்துக்குப் பூநாரை தேடிச் செல்வோர் பறவையின் இனத்தைத் தவறாது குறிக்கின்றனர்; வழியிலே பாப்பாமோட்டையில் படம்பிடிக்கப்பட்டவர் வெறும் ‘உழவர்’! கேட்டால் இயல்பு கெடும் என்பது சாட்டு, எடுத்தபின் கேட்கலாமே.

ஒளியளவு பயில்வது பாதிக் கல்வியே. இசைவு பெற்று, பெயர் குறித்து, படியொன்று கொடுப்பது மறுபாதி. பல்கலைக்கழகக் கண்காட்சிகளேனும் பெயரற்ற முகங்களை ஏற்க மறுக்கட்டும்.