கம்பெனி கட்டும் ஊரில் கவுன்சிலர் யார்?

கன்னிவாடியில் தெருவிளக்கு எரியவில்லையா? ஜனங்கள் நேரே பேரூராட்சி ஆபீசுக்குப் போவார்கள். இல்லாவிட்டால் டீக்கடையில் வார்டு கவுன்சிலரை மடக்கி, "என்னண்ணே, ஓட்டுக் கேக்க மட்டும்தான் வருவீங்களா?" என்று நாலு வார்த்தை கேட்பார்கள். விளக்கு உடனே எரியுமா என்பது வேறு சங்கதி. கேட்க ஓர் ஆள் உண்டு!

நாட்டில் இப்போது புதுமாதிரி ஊர்கள் கிளம்பியிருக்கின்றன. வீடு, கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே வளாகத்துக்குள். ரோடு போடுவது, குப்பை அள்ளுவது எல்லாமே கம்பெனி. அங்கே விளக்கு எரியாவிட்டால் யாரை மடக்குவது? மாசாமாசம் பராமரிப்புப் பணம் கட்டினால் ரசீது கிடைக்கும். மேனேஜரை மாற்ற ஓட்டுச்சீட்டு கிடைக்காது!

மலைச்சரிவில் ஒரு நகரம்

பழனி மலை அடிவாரத்துக்காரர்கள் லவாசா கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. மகாராஷ்டிராவில் புனே பக்கம், வரஸ்காவ் அணையை ஒட்டி மலைச்சரிவில் ஒரு தனியார் கம்பெனி கட்டிய நகரம் அது. 2008ல் திட்ட அதிகாரத்தையே மாநில அரசு கம்பெனி கையில் கொடுத்தது. கட்டுவதும் அவர்கள், கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பதும் அவர்கள்!

விளைவு? சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்று 2010 நவம்பரில் மத்திய அரசு வேலையை நிறுத்தச் சொன்னது. 2017ல் அதிகாரம் பறிபோனது. 2018ல் கம்பெனி திவால் வழக்கில் சிக்கியது. வீட்டுக்குப் பணம் கட்டியவர்கள் கடன்காரர்களோடு வரிசையில் நின்றார்கள்.

டில்லி பக்கத்து குர்கானிலும் கம்பெனிகள்தான் வானம் தொடக் கட்டின. மாநகராட்சி வந்தது 2008ல். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. 2016 ஜூலையில் பெய்த மழையில் விடிய விடிய வண்டிகள் நகரவில்லை.

உருப்பட்டதும் உண்டு

எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டி 2002ல் தொடங்கியது. பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. ரோடு, பரனூர் ரயில் நிலையம். அரசின் டிட்கோ அதில் பங்குதாரர். தொழிற்சாலையும் சாப்ட்வேர் கம்பெனியும் வந்தன, வேலையும் வந்தது. வெறும் மனை விற்று வளர்ந்த ஊரல்ல அது.

ரோடு யாருக்கு?

தமிழ்நாட்டில் சாதாரண மனைப்பிரிவு போடுகிறவரே ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். பெரிய மனைப்பிரிவு என்றால் பூங்கா இடமும் தர வேண்டும். கம்பெனி நகரத்துக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

அடிவாரத்து ஓடையை மறித்தால் கீழே குளம் காயும், வயல் காயும். நஷ்டம் வளாகத்துக்குள் இருப்பவருக்கு அல்ல, வெளியே இருக்கும் விவசாயிக்கு!

கம்பெனி கட்டட்டும், விற்கட்டும், லாபமும் பார்க்கட்டும். ரோடும் ஓடையும் ஊருக்கே சொந்தமாக இருக்கட்டும். முன்பணம் கட்டப் போகிறவர் வீட்டு வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன், அந்தத் தானப்பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்!