சிள்வண்டின் சேர்ந்திசை

சிள்வண்டின் ஒலியைப் பதிந்து மெதுவாக ஓடவிட்டால் மனிதர் கூடிப் பாடுவது போலவே கேட்கும் என்று சொல்லி, ஓர் ஒலிப்பதிவு பல ஆண்டுகளாக உலகை வலம் வருகின்றது. நமக்கும் அது இனிக்கவே செய்தது. ஆயினும் கணக்கு இடங்கொடுக்கவில்லை.

இரட்டைப்புள்ளிச் சிள்வண்டு வாயாற் பாடுவதன்று. ஒரு சிறகின் விளிம்பு மற்றச் சிறகில் அரம்போல் அமைந்த நரம்பின்மீது உராய்வதால் வினாடிக்கு ஏறத்தாழ 4,800 அதிர்வுகள் எழுகின்றன. பதிவை எட்டு மடங்கு மெதுவாக்கினால் அது 600 ஆகி, மனிதக் குரலின் எல்லைக்குள் இறங்கிவிடும். மயக்கம் பிறப்பது இங்கேதான். ஒரே சுருதியில் எழுந்த ஒலி எத்துணை மெதுவாக ஓடினும் ஒரே சுருதியிலேயே நிற்கும். ஏறி இறங்கும் மெட்டு அதிற் கேட்குமாயின், யாரோ சுருதியைக் கூட்டிக் குறைத்திருக்கவேண்டும் என்பதே நம் எண்ணம்.

இதனால் மெதுவாக்குவது வீண் வேலை என்று கொள்ளற்க. ஒரே கிறீச்சொலி என நாம் நினைத்திருந்தது மூன்று நான்கு துணுக்குகளாகப் பிரிந்து கேட்கும். ஒவ்வொரு துணுக்கும் சிறகு ஒருமுறை மூடியதன் ஓசை, திறக்கும்போது ஓசையில்லை. கொலம்பியாவின் கோர்கோனாத் தீவில் வாழும், 2014இல் விவரிக்கப்பட்ட வெட்டுக்கிளி இனமொன்றோ 150,000 அதிர்வுகளில் தன் துணையை அழைக்கின்றது. நம் செவியின் எல்லை 20,000. பதிவைப் பத்து மடங்கு மெதுவாக்கினால்தான் அவ்வழைப்பு நமக்குக் கேட்கும்.