ஊர் வழக்கைக் கேளாத கருவி

கவி, கழனி, களம், கறி, கனி. இந்த ஐந்து சொற்களையும் அகர வரிசையில் அடுக்கினால் இப்படித்தான் அமையும். வ, ழ, ள, ற, ன என்னும் வரிசை ஆரம்பப் பள்ளியிலேயே நமக்கு மனப்பாடம். ஆனால் இதே சொற்களைக் கணினியின் கட்டளைத் திரையில் 'சார்ட்' என்னும் கருவியிடம் கொடுத்துப் பாருங்கள். மொழி அமைப்பு ஏதும் அதற்குச் சொல்லப்படாவிட்டால், கனி, கறி, களம், கழனி, கவி என்று தலைகீழாகத் திருப்பித் தரும். களம் ஒன்றே தன் இடத்தில் நிற்கிறது. அதுவும் நடுவில் இருந்த காரணத்தால்!

இதைக் கண்டவுடன், "தமிழ் கணினிக்கு ஏற்ற மொழியன்று" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. அந்தக் கூற்றை நான் வன்மையாக மறுக்கிறேன். குறை மொழியில் இல்லை. கருவி கேட்க வேண்டியதைக் கேளாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

யூனிகோடு தமிழ் எழுத்துகளுக்கு எண் வகுத்தபோது, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த இஸ்கி முறையைப் பின்பற்றியது. அதனால் ந-வை அடுத்து ன-வும், ர-வை அடுத்து ற-வும், வ-வுக்கு முன்னே ள, ழ ஆகியவையும் அமர்ந்துவிட்டன. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இதில் பிழை காண வேண்டியதில்லை. எண் என்பது அடையாளம். வரிசை என்பது வழக்கு. வரிசைக்கென யூனிகோடு வகுத்துள்ள தனி அட்டவணையில் வ, ழ, ள, ற, ன என்றே முறையாக இருக்கிறது. அந்த அட்டவணையைப் புரட்டிப் பார்க்காமல், அடையாள எண்ணையே வரிசை என்று கருவி கொள்ளும்போதுதான் கழனியும் கவியும் இடம் மாறுகின்றன.

கருவி ஏன் பார்ப்பதில்லை? 1989-ஆம் ஆண்டின் சி மொழித் தரப்படி, எந்த நிரலும் தொடங்கும்போது 'சி' என்னும் வெற்று அமைப்பிலேயே தொடங்கும். அதற்கு ஊரும் இல்லை, மொழியும் இல்லை. பயனாளர் தம் கணினியில் எழுதி வைத்த அமைப்பைப் படிக்க வேண்டுமானால், நிரலின் தொடக்கத்தில் 'செட்லொக்கேல்' என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். 'சார்ட்' போன்ற பழைய கருவிகளில் அந்த வரி உண்டு. புதிதாக நிரல் எழுதுவோர் பலர் அதை மறந்துவிடுகின்றனர். உடுமலைக்கு மாற்றலாகி வரும் அலுவலர்கூட ஒரு மாதத்தில் 'ஏனுங்க' என்று பேசப் பழகிவிடுகிறார். நம் மேசைமேல் ஆண்டுக்கணக்கில் குந்தியிருக்கும் கருவி மட்டும் பழக மறுப்பானேன்?

அந்த ஒரு வரி இருந்தாலும் போதாது. 'லாங்' என்பது பொது அமைப்பு. 'எல்சி கொலேட்' என்பது வரிசைக்கு மட்டும் உரிய அமைப்பு. அது பொது அமைப்பை விஞ்சும். 'எல்சி ஆல்' என்பதோ இரண்டையும் விஞ்சும். யாரோ ஒருவர் 'எல்சி ஆல்' என்பதில் 'சி' என்று எழுதிவிட்டுப் போனால், நாம் கீழே தமிழென்று எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை. தலைமதகை அடைத்துவிட்ட பிறகு கிளை மதகைத் திறந்து வைத்தால் வயலுக்குத் தண்ணீர் வருமா? நாம் கேட்ட தமிழ் அமைப்பு அந்தக் கணினியில் நிறுவப்படாமல் இருந்தாலும் இதே கதிதான். பல கருவிகள் வாய் திறவாமல் வெற்று அமைப்புக்கே திரும்பிவிடும். என் முதல் குறை இந்த மௌனத்தின் மீதுதான். 'சார்ட்' கருவியிடம் 'டீபக்' என்று சேர்த்துக் கேட்டால், எந்த அமைப்பின்படி வரிசைப்படுத்தினேன் என்று சொல்லிவிடுகிறது. எல்லாக் கருவிகளும் அந்த நாணயத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் மதிக்கிறேன். ஊருக்கு ஊர் விடை மாறினால் கணினிகள் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்ளும் என்பது அவர்கள் கேள்வி. நியாயந்தான். ஜெர்மனியில் தசமப் புள்ளி இருக்குமிடத்தில் காற்புள்ளி இடுவர். அவ்வழக்கைக் கோப்புகளிலும் புகுத்தினால் கணக்கே கெடும். ஆகவே பிரித்துப் பார்ப்பதே அறிவுடைமை. கருவிக்கும் கருவிக்கும் இடையில் வெற்று அமைப்பு இருக்கட்டும். எண்களும் அப்படியே இருக்கட்டும். மனிதன் கண்முன் வரும் பெயர்ப் பட்டியலும் நூலகப் பட்டியலும் அவன் மொழியின் வழக்கில் வரட்டும். வரிசைக்கும் எண்ணுக்கும் தனித்தனி அமைப்பு வகுத்திருப்பதே இதற்காகத்தானே?

மாணவ நண்பர்களே! இக்கருவிகளுள் பல, மூல நிரல் திறந்து கிடப்பவை. யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். ஒரு வரி விடுபட்டிருந்தால் அதைச் சேர்க்க அமெரிக்காவிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. தமிழுக்குக் கணினியில் இடமில்லை என்று மேடையில் முழங்குவதைவிட, ழகரம் பிசகிய ஒரு பட்டியலைத் திருத்துவது மேலான தொண்டு. கவி முன்னும் கனி பின்னுமாய் நிற்கும் நாள் வரை நம் கைகள் ஓயாதிருக்கட்டும்.